காங்கர்டு, மாசசூசெட்ஸ்: புல்வெளியை நம்பி உருவான ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 மைல் தூரத்தில் இருக்கிறது காங்கர்டு. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 18,491. 1775 ஏப்ரலில் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த, பாலத்தருகே நடந்த துப்பாக்கிச் சண்டையும் வால்டன் குளமும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் அந்த ஊர் ஏன் அங்கே அமைந்தது, ஏன் பிரிந்தது, ஏன் வளர்ந்தது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஆற்றோரத்துப் புல்லில்தான் கிடைக்கும். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

உள்ளூரில் 'காங்கர்ட்' என்பார்கள். முதல் அசைதான் அழுத்தமாக ஒலிக்கும். விமானத்தின் பெயரைப் போல 'கான்கார்ட்' என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயரின் தலைநகரும் இதே பெயர் கொண்டது. பழைய ஆவணங்களைத் தேடும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

எப்போது, யார் தொடங்கினார்கள்?

மாசசூசெட்ஸ் விரிகுடாக் காலனியின் பொதுமன்றம் 1635 செப்டம்பர் 2 அன்று அனுமதி வழங்கியது. மஸ்கெடாக்விட் என்ற இடத்தில் 'ஆறு மைல் சதுரம்' நிலம், ஊருக்குக் காங்கர்டு என்று பெயர், மூன்று ஆண்டுகளுக்குப் பொதுவரி கிடையாது என்பவை அதன் சாரம். பெட்ஃபோர்டுஷயரின் ஓடெல் ஊரில் பாதிரியாராக இருந்த பீட்டர் பல்க்லி, கென்ட் பகுதியிலிருந்து வந்து மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்த சைமன் வில்லர்டு ஆகிய இருவரும் தலைமை தாங்கினர். பல்க்லி பணமும் மதிப்பும் உள்ளவர். வில்லர்டோ தோல் வியாபாரத்தால் பழங்குடியினரையும் அவர்கள் பாதைகளையும் அறிந்தவர். ஒருவரில்லாமல் மற்றவரால் இந்த ஊரை அமைத்திருக்க முடியாது.

சில இடங்களில் செப்டம்பர் 12 என்று இருக்கும். அது பிழையல்ல. அன்றைய ஜூலியன் நாள்காட்டி இன்றைய நாள்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது.

ஆறு மைல் சதுரமும் ஆறு சதுர மைலும் ஒன்றுதானே?

இல்லை. இணையத்தில் பரவலாகக் காணப்படும் தவறு இது. ஒவ்வொரு பக்கமும் ஆறு மைல் என்பதே பொருள். அதாவது 36 சதுர மைல், 23,040 ஏக்கர். இன்றைய காங்கர்டின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர மைல்தான். மீதி எங்கே போனது என்பதைக் கீழே சொல்கிறோம்.

கடற்கரையை விட்டு ஏன் உள்நாட்டுக்குப் போனார்கள்?

1630களில் இங்கிலாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினர். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே கடலோர ஊர்களில் மாட்டுக்குப் போதிய மேய்ச்சல் இல்லை என்ற புகார் கிளம்பியது. வெட்டித் திருத்திய காடு ஒரே ஆண்டில் புல்தரையாகிவிடாது. ஆனால் மாட்டுக்கு அடுத்த குளிர்காலத்திலேயே வைக்கோல், அதாவது காயவைத்த புல், வேண்டும். கடலோரத்தில் உப்புச் சதுப்புப் புல் இருந்தது. உள்நாட்டில் அதற்கு ஈடாகத் தானாகவே விளைந்த புல் ஆற்றோரத் தாழ்நிலங்களில்தான் கிடைத்தது.

சட்பரி, அசபெட் என்ற இரண்டு ஆறுகள் முட்டைப்பாறை என்னுமிடத்தில் கூடிக் காங்கர்டு ஆறாகின்றன. அது வடக்கே ஓடி லோவெல் நகரில் மெரிமாக் ஆற்றில் கலக்கிறது. ஓட்டம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவான ஆறு. ஊருக்குள் இந்த ஆறு அடித்துக்கொண்டுபோன ஒரே பாலம், காற்று தள்ளியதால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் போனது என்ற உள்ளூர்ப் பேச்சை இவ்வூர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ பதிவுசெய்திருக்கிறார். அந்த மந்தமே வசந்தகாலத்தில் வெள்ளத்தைப் பரப்பி, வண்டலைப் படியவைத்து, கரைநெடுகப் புல்லை வளர்த்தது. மஸ்கெடாக்விட் என்ற பெயருக்கே புல்வெளி ஆறு என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

அங்கே ஏற்கெனவே யாரும் இருக்கவில்லையா?

இருந்தார்கள். குன்றுச் சரிவுகளில் மக்காச்சோளம் பயிரிட்டார்கள். ஓடையில் தடுப்பு வைத்து மீன் பிடித்தார்கள். ஆனால் 1616 முதல் 1619 வரை ஐரோப்பியர் வழியாக வந்த கொள்ளைநோய் நியூ இங்கிலாந்துக் கரையோர மக்களைச் சூறையாடியது. சில பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர்வரை இறந்ததாக மதிப்பிடுவோர் உண்டு. 1633–34இல் பெரியம்மை வந்தது. குடியேறிகள் 'காலியாக' இருந்ததாகக் கண்ட வயல்கள் உண்மையில் உழவர்களை இழந்த வயல்கள்.

நிலத்தை விலைக்கு வாங்கினார்களா, பறித்தார்களா?

விலை கொடுத்தார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: 1635இல் நிலம் வழங்கப்பட்டது, பழங்குடியினரிடம் வாங்கிக்கொள்ள அனுமதி 1637இல்தான் வந்தது. விற்றவர்களில் ஸ்குவா சாச்செம் என்று ஆங்கிலேயர் குறிப்பிட்ட பெண் தலைவரும் தஹட்டவானும் அடக்கம். வாம்பம் என்னும் சிப்பி மணிகள், கோடாரி, மண்வெட்டி, கத்தி, பருத்தித் துணி, சட்டை ஆகியவை விலையாகத் தரப்பட்டன. பெண் தலைவரின் கணவர் விபகோவெட்டுக்கு ஒரு பருத்தி உடுப்பு, தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, காலணி, காலுறை, மேலங்கி தனியாகக் கிடைத்தன.

இந்த விவரங்கள் மூலப் பத்திரத்திலிருந்து வந்தவை அல்ல, அது தொலைந்துபோனது. காலனியின் உரிமைச் சாசனமே ரத்தாகி, நில உரிமைகள் செல்லுமா என்ற அச்சம் எழுந்த 1684இல், விற்பனையை நேரில் பார்த்த முதியவர்களிடம் வாக்குமூலம் வாங்கிப் பதிந்துகொண்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லப்பட்ட சாட்சியம், அதுவும் வாங்கியவர்களின் தேவைக்காகப் பதியப்பட்டது. அதை அப்படித்தான் படிக்க வேண்டும். விற்றவர்கள் இதை முழு உரிமை மாற்றமாகக் கருதினார்களா, சேர்ந்து பயன்படுத்தும் அனுமதியாகக் கருதினார்களா என்பது வேறு கேள்வி.

முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள்?

குன்றின் சரிவைக் குடைந்து, மேலே மரங்களை அடுக்கி, அதன்மீது மண்ணைக் கொட்டி, உள்ளே குடியிருந்தார்கள். இன்றைய லெக்சிங்டன் சாலையை ஒட்டிய மேட்டின் தெற்குச் சரிவில் வெயில் விழும், வடகாற்று தாக்காது. மழைதான் தொல்லை. மண்கூரை ஒழுகும், தரையில் புகை மூட்டம். பிறகு எழுந்த மரவீடுகளும் அதே மேட்டோரமாகவும் ஓடையை அடைத்த அணைக்கு அருகிலும் நின்றன. அந்த அணைமேல்தான் இன்றைய கடைவீதி இருக்கிறது. இப்போதும் அதை 'மில்டேம்', அதாவது ஆலை அணை, என்றே அழைக்கிறார்கள்.

வீடுகள் இப்படி நெருங்கி நின்றதற்கு அச்சம் மட்டும் காரணமில்லை. வழிபாட்டு மண்டபத்திலிருந்து அரை மைலுக்கு அப்பால் வீடு கட்டக் கூடாது என்று 1635இல் ஒரு விதி வந்தது. உழவர்களுக்கு அது ஒத்துவரவில்லை, 1640இல் நீக்கப்பட்டது.

நிலத்தை எப்படிப் பங்கிட்டார்கள்?

ஒரே துண்டாக யாருக்கும் தரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுமனை, பொதுவயலில் ஒரு பட்டை, ஆற்றோரப் புல்நிலத்தில் சில துண்டுகள், விறகுக்குக் காடு எனப் பல இடங்களில் பங்கு கிடைத்தது. இங்கிலாந்தில் பழகிய முறைதான். நல்லதும் கெட்டதும் கலந்து கிடைக்கும் என்பது அதன் நியாயம். அலைச்சலும் வேலித் தகராறும் அதன் விலை.

1652இல் ஊரை வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்று 'கால்பகுதிகளாக' வகுத்தார்கள். (மூன்றுதான் இருந்தும் கால்பகுதி என்றே பெயர், கணக்குப் பார்க்க வேண்டாம்.) ஒவ்வொரு பகுதியும் தன் சாலைகளையும் பாலங்களையும் தானே பராமரிக்க வேண்டும். அப்போது பங்கிடாமல் கிடந்த நிலமும் பிரிக்கப்பட்டது. துண்டுகளை மாற்றிக்கொண்டும் விற்றும் குடும்பங்கள் மெல்ல மெல்லத் தொடர்ச்சியான பண்ணைகளைச் சேர்த்துக்கொண்டன.

புல்லுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கணக்கு எளிது. ஒரு மாடு பனிக்காலத்தைத் தாண்ட ஏறத்தாழ 2 டன் வைக்கோல் தேவை. இயற்கையான ஆற்றோரப் புல்நிலம் ஏக்கருக்குச் சுமார் 1 டன் தரும். ஆக ஒரு மாட்டுக்கு 2 ஏக்கர் புல்நிலம். மாடு இருந்தால்தான் எரு. எரு இருந்தால்தான் மணற்பாங்கான மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் ரை தானியமும் ஆண்டுதோறும் விளையும். ஆற்றின் வண்டல் புல்லாகி, மாட்டின் வழியே எருவாகி, மேட்டு வயலுக்குப் போய்ச் சேரும். புல்நிலம் குறைந்தால் சங்கிலி முழுதும் அறுந்துவிடும்.

எங்கே கெடும்? அறுப்புக்காலம் ஆகஸ்ட். தண்ணீர் வடிந்து தரை இறுகியிருக்க வேண்டும். கோடையில் பெருமழை வந்தால் இந்த மந்தமான ஆறு வடியவே வாரக்கணக்கில் ஆகும். புல் சேறு படிந்து அழுகும், வண்டி இறங்காது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் நல்ல புல் போய்க் கோரை மண்டும். அதை மாடு வேண்டாவெறுப்பாகத்தான் தின்னும். குடியேறி பத்தாண்டுகூட ஆகாத 1644இலேயே காங்கர்டு, சட்பரி இரு ஊர்களின் மூழ்கிய புல்நிலங்களுக்கு வழிகாண ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

தொடக்கத்திலேயே பலர் ஊரைவிட்டுப் போனார்களாமே?

ஆம். 1644இல் பல்க்லியின் சக பாதிரியார் ஜான் ஜோன்ஸ் ஒரு பகுதிக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டுக்குப் போய்விட்டார். ஈரப் புல், மெலிந்த மண், இரண்டு பாதிரியார்களுக்குச் சம்பளம் தரும் சுமை எல்லாம் சேர்ந்தன. அடுத்த ஆண்டே பொதுமன்றம், காங்கர்டு, சட்பரி, டெடம் ஆகிய உள்நாட்டு ஊர்களிலிருந்து யாரும் அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஊர் செழிப்பாக இருந்திருந்தால் அப்படியொரு உத்தரவு தேவைப்பட்டிருக்காது.

ஊரை யார் நடத்தினார்கள்?

ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுக்கும். இடைக்காலத்தில் அது தேர்ந்தெடுத்த 'செலக்ட்மென்' குழு நடத்தும். இவர்களோடு காவலர், வேலிப் பார்வையாளர், அவிழ்ந்து திரியும் பன்றிகளைக் கவனிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கைக் கண்காணிப்பவர் எனப் பல பதவிகள். வேலி நான்கடிக்குக் குறைவாக இருந்ததா, பயிரைத் தின்ற மாட்டுக்கு யார் பொறுப்பு என்பவைதான் அன்றைய அரசியலில் பாதி. சாலை வரியைப் பலர் காசாகக் கட்டாமல் வேலையாகச் செய்து தீர்த்தார்கள்.

இதை முழு ஜனநாயகம் என்று எண்ணிவிடக் கூடாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லை. காலனி அளவிலான தேர்தலுக்கு முதல் முப்பதாண்டுகள் திருச்சபை உறுப்பினராக இருப்பது கட்டாயம். புதிதாக வந்த ஏழைகளுக்கு 'எச்சரிக்கை' எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதைப் பெற்றவர் உடனே வெளியேற்றப்படுவார் என்பதில்லை; பின்னாளில் அவர் வறுமைப்பட்டால் செலவுக்கு ஊர் பொறுப்பில்லை என்பதே அதன் சட்டப் பொருள். திறந்த ஊர்க்கூட்டம் இன்றும் நடக்கிறது. சிறு குப்பித் தண்ணீர் விற்பனையை 2013 தொடக்கத்திலிருந்து தடைசெய்ததும் அந்தக் கூட்டத்தின் வாக்கெடுப்புதான்.

1675 போரில் காங்கர்டு என்ன செய்தது?

அருகில் நஷோபா என்ற ஊரில் கிறித்தவத்தைத் தழுவிய பழங்குடியினர் வாழ்ந்தார்கள். குடியேறிகளுக்கும் பழங்குடியினருக்கும் போர் மூண்டதும் அவர்களில் 58 பேர் காங்கர்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜான் ஹோர் என்ற வழக்கறிஞரின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அவர் தன் வீட்டருகே அவர்களுக்கு இடமும் வேலையும் கொடுத்தார். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1676 பிப்ரவரியில் கேப்டன் சாமுவேல் மோஸ்லி படையோடு வந்து, ஹோரின் எதிர்ப்பை மீறி அவர்களைப் பாஸ்டன் துறைமுகத்து மான் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே அடைக்கப்பட்டவர்களில் ஏராளமானோர் பசியாலும் குளிராலும் மடிந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், பழங்குடியினரால் சிறைபிடிக்கப்பட்டிருந்த மேரி ரோலண்ட்சனை 20 பவுண்டு மீட்புத்தொகைக்கு விடுவிக்கும் பேச்சுக்கு எதிர்த்தரப்பு நம்பிய ஆள் தேவைப்பட்டபோது, காலனி ஹோரைத்தான் அனுப்பியது.

அடிமைகள் இருந்தார்களா?

இருந்தார்கள். பாதிரியார், மருத்துவர், பெரிய நிலக்காரர் வீடுகளில் ஒருவர் இருவராக. மருத்துவர் ஜான் கம்மிங்கின் அடிமையாக இருந்த பிரிஸ்டர், விடுதலைப் போரில் பங்கேற்றுத் தன் பெயரோடு ஃப்ரீமன் என்று சேர்த்துக்கொண்டார். 1785இல் இன்னொருவரோடு சேர்ந்து வால்டன் காட்டில் ஒரு ஏக்கர் வாங்கினார். அது மணல், புல்நிலம் ஒரு துண்டுகூட இல்லை. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்த நிலத்தில் ஒரு மாட்டைக்கூட வைத்துக் காப்பாற்ற முடியாது. விடுதலையான கறுப்பினத்தவர் காங்கர்டில் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

36 சதுர மைல் எப்படிச் சுருங்கியது?

மக்கள் பெருகப் பெருக ஓரத்துக் குடும்பங்களுக்கு வழிபாட்டு மண்டபம் தூரமானது. பனியில் ஐந்தாறு மைல் வந்து திரும்பவும் வேண்டும், அந்த மண்டபத்துக்கு வரியும் கட்ட வேண்டும். எனவே தனி ஊர் கேட்டு மனுப் போட்டார்கள். பெட்ஃபோர்டு 1729இல், ஆக்டன் 1735இல், லிங்கன் 1754இல் பிரிந்தன. கார்லைல் ஒருமுறை முயன்று தோற்று 1780இல் மீண்டும் பிரிந்தது. இவற்றில் சில பக்கத்து ஊர்களின் நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டன. பழைய காங்கர்டு ஆள் ஒருவரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால், அவர் நகராமலே வேறு ஊர்க்காரராகிவிட்டாரா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு சுருக்கமும் நடந்தது. மகன்களுக்குப் பண்ணையைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதற்குமேல் பிரித்தால் குடும்பம் பிழைக்காது என்ற நிலை வந்தது. ஒரு மகன் நிலத்தில் தங்கினான்; மற்றவர்கள் மேற்கு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று போனார்கள். 1790இல் மக்கள்தொகை 1,590, 1850இல் 2,249தான்.

1775இல் ஏன் காங்கர்டு?

பாஸ்டனிலிருந்து ஓரிரவு நடை, சாலைகள் கூடுமிடம், மாவட்ட நீதிமன்றம் கூடும் ஊர். 1774 அக்டோபரில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த குடியேறிகளின் மாகாண மாநாடு இங்கே கூடியது. பிறகு பீரங்கியும் மாவும் வெடிமருந்தும் இங்கே சேர்க்கப்பட்டன. ஏப்ரல் 19 அன்று அவற்றை அழிக்கச் சுமார் 700 பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்கள். வடக்குப் பாலத்தில் குடியேறிகள் தரப்பில் முதலில் விழுந்த ஐசக் டேவிஸ், ஆப்னர் ஹோஸ்மர் இருவரும் ஆக்டன்காரர்கள் என்பதை ஆக்டன் இன்றும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். 1775 அக்டோபரில் ஹார்வர்டு கல்லூரியே காங்கர்டுக்கு இடம்மாறிச் சில மாதம் நடந்தது. மற்றவை எல்லாப் பாடநூலிலும் உண்டு.

பழைய நிலப் பத்திரத்தைப் படிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் தேதி. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையான நாள்களுக்கு 1675/6 என்று இரட்டை ஆண்டு எழுதுவார்கள். இன்றைய கணக்கில் பின்னதுதான் சரி. அடுத்து அளவு. 'ராட்', 'போல்', 'பெர்ச்' மூன்றும் ஒன்றே: 16½ அடி. 4 ராட் ஒரு சங்கிலி, 66 அடி. 160 சதுர ராட் ஒரு ஏக்கர். அளப்பவர்கள் சங்கிலியின் தொய்வுக்கென்று சற்றுக் கூடுதலாக விட்டுக் கொடுப்பார்கள். ஆகவே இன்று அளந்தால் பத்திரத்தில் உள்ளதைவிட நிலம் அதிகமாக வருவது சகஜம்.

திசைகள் காந்த ஊசியால் எடுக்கப்பட்டவை. காந்த வடக்கு காலப்போக்கில் பல பாகை நகரும். அந்தந்த ஆண்டுக்குத் திருத்தாமல் வரைந்தால் எல்லை பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். எல்லைக்குறி பெரும்பாலும் ஒரு கருவாலி மரம் அல்லது கற்குவியல். மரம் போயிருக்கும், கல் இருக்கலாம். அண்டை நிலக்காரர் பெயர்தான் நம்பகமான பிடி: அவருடைய பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். ஊர் எல்லைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி மாசசூசெட்ஸ் சட்டத்தில் இன்றும் உள்ளது.

பிறகு எது ஊரை வளர்த்தது?

1844 ஜூனில் வந்த ரயில். பாலும் ஸ்ட்ராபெரியும் அஸ்பாரகஸும் அன்றன்றைக்கே பாஸ்டன் போயின. தானியம் விளைப்பதில் லாபமில்லாமல் போனது. ஏற்கெனவே 1812இல் வில்லியம் மன்ரோ பென்சில் தொழிலைத் தொடங்கியிருந்தார். தோரோ குடும்பமும் பென்சில்தான் செய்தது. அசபெட் கரையில் நெசவாலை இருந்தது. 1878இல் மேற்குப் பகுதியில் மாநிலச் சிறை திறக்கப்பட்டு 2024வரை நடந்தது.

காங்கர்டு திராட்சை என்று உலகம் அறிந்த கருநீலப் பழம் இங்கே எஃப்ரேம் புல் தோட்டத்தில் 1849இல் உருவானது. காட்டுத் திராட்சையின் விதைகளை முளைக்கவைத்து, முதல் உறைபனிக்கு முன்பே பழுக்கும் செடியை அவர் தேர்ந்தெடுத்தார். கொடியை 5 டாலருக்கு விற்றார். வாங்கிய நாற்றுப்பண்ணைகள் வெட்டி வெட்டிப் பெருக்கிக்கொண்டன. தாவரத்துக்குக் காப்புரிமை அமெரிக்காவில் 1930இல்தான் வந்தது. 'அவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள்' என்று அவர் கல்லறையில் இருக்கிறது.

வால்டன் குளத்து ஐஸ் மெட்ராஸுக்கு வந்ததா?

சென்னை ஐஸ் ஹவுஸைக் கட்டிய பாஸ்டன் வணிகர் ஃப்ரெடரிக் டியூடரின் ஆட்கள் 1846–47 குளிர்காலத்தில் வால்டனில் ஐஸ் வெட்டியது உண்மை. மெட்ராஸ் மக்கள் தன் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதியதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு குவித்த சுமார் 10,000 டன்னில் பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். வைக்கோலும் பலகையும் போட்டு மூடிய குவியல், பிறகு திறந்து ஒரு பகுதி எடுத்தபின், கரைந்து முடிய 1848 செப்டம்பர் ஆனது. மெட்ராஸுக்கு வந்தது பாஸ்டன் வட்டாரக் குளங்களின் ஐஸ். அதில் வால்டனுக்குப் பங்கு இருந்தாலும் அது சிறிதே.

கடைசியில் அந்தப் புல்வெளிகள் என்னவாயின?

கீழே பில்லெரிகாவில் ஆலைக்காக 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓர் அணை இருந்தது. மிடில்செக்ஸ் கால்வாய்க்குத் தண்ணீர் தேவைப்பட்டதால் 1798இல் அதைப் புதிதாகக் கட்டினார்கள். 1828இல் கல்லால் மீண்டும் கட்டினார்கள். மேல்கரை உழவர்கள் தங்கள் புல் அழுகுவதற்கு அதுவே காரணம் என்றார்கள். 1859இல் அவர்களுக்காக ஆற்றையும் பாலங்களையும் அளந்தவர் தோரோ. சட்டமன்றம் அணையை இடிக்க 1860இல் ஆணையிட்டது. ஆலைக்காரர்கள் எதிர்க்கவே நிறுத்திவைத்து, 1862இல் ஆணையையே ரத்துசெய்தது. அணை மட்டும்தான் காரணமா, மேட்டுக்காடுகளை அழித்ததால் மழைநீர் வேகமாக ஓடிவந்ததும் சேர்ந்ததா என்பதில் அன்றும் ஒருமித்த கருத்து இல்லை. புல்நிலங்கள் சதுப்பாகின. உழவர்கள் மேட்டில் விதைத்த புல்லுக்கு மாறினார்கள்.

1928இல் சாமுவேல் ஹோர் என்பவர் பெரிய புல்வெளியின் ஒரு பகுதியை வாங்கி வரப்பு கட்டினார். தண்ணீரை வடிக்க அல்ல, வாத்துகளுக்காகத் தேக்கிவைக்க. 1944இல் அவர் அதை மத்திய அரசுக்குக் கொடுத்தார். இன்று அது தேசிய வனவிலங்குச் சரணாலயம். வரப்பின்மேல் நடக்கலாம். ஆகஸ்டில் போனால் நீரின் நடுவே கோரை ஆளுயரம் நிற்கும்.